பன்னிரண்டாம் அறைக் குழாய்

தங்கம், என் மகனே,

நீ கண் மூடி மூன்று மாதமாகியும் கை உனக்கேதான் எழுதுகிறது. உன் மனைவி உன் படத்தின் முன்னால் வாசிக்கட்டும். நான் இங்கே நலம்.

இன்று விடுதியில் அறை துடைக்கும்போது, தங்க வந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "பன்னெண்டாம் ரூம்ல குழாய் சொட்டித் தூங்க விடாதாமே? ஆயிரம் டூர் வெப்சைட் இருக்கு, ஒண்ணுதான் இதைச் சொல்லுது."

நான் போனில் புலம்பியதை நீ உன் வெப்சைட்டில் அப்படியே போட்டிருக்கிறாய்! முதலாளிக்குத் தெரிந்தால் என் வேலை போகும்.

உன் வெப்சைட்டுக்கு இப்போதுதான் விளம்பரம் வருகிறதாம். "நிறுத்த வேணாம் அத்தை, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்கிறாள் உன் மனைவி. அவளுக்கும் பிழைப்பு வேண்டுமே. நேற்று விடுதிக் கதை கேட்டுப் போன் போட்டாள், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

தைலம் தீர்ந்துவிட்டது, அவளிடம் அனுப்பச் சொல். மணி அடிக்கிறார்கள், போகிறேன்.

"இன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று நீ கேட்பாய், நான் சொல்வேன். நீ கேட்காமல் நான் எப்படிச் சொல்ல?