ஒன்பதாவது ரிஸ்க்

இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். உன் புது முகவரி எனக்குத் தெரியாது. எப்படியாவது உன் கைக்கு வந்தால், படித்ததும் கிழித்துவிடு.

இன்று அலமாரியில் நம் புராஜெக்ட் ஃபைல் கிடைத்தது. அட்டையில் வாழைக்கறை அப்படியே இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் அப்பாவின் வாழைக்காய் மண்டிக்கு நீ முதல்முறை வந்த அன்று பட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வெள்ளைச் சுடிதாரில் தார்களுக்கு நடுவே நின்றாய். "பாப்பா, கறை பட்டா கல்யாணம் வரைக்கும் போகாது" என்றார், அப்பாவிடம் வேலை பார்க்கும் காதர் மாமா. "அப்ப மாப்பிள்ளை வாழைக்கா வியாபாரிதான் மாமா!" என்றாய். தார் இறக்கியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பிளஸ் டூ காமர்ஸில் இரண்டு பேருக்கு ஒரு நிஜ வியாபாரம். அதில் என்னென்ன ரிஸ்க், வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று கண்டுபிடிக்க வேண்டும். லாரி தாமதம், காற்றில் தோப்பு சாய்வது என்று எட்டு எழுதிவிட்டோம். எல்லாம் காதர் மாமா பொறுமையாகச் சொன்னவை. ஒன்பதாவதை பஸ் ஸ்டாப்பில் நான்தான் உளறினேன். ஆடிப்பெருக்கு ஆர்டருக்காக அப்பா கல் வைத்துப் பழுக்க வைத்தார் என்று. "கல்லா?" என்றாய். கார்பைடு, வைக்கக் கூடாது என்றேன். "எழுதிடாதடி." "சத்தியமா மாட்டேன்" என்று என் தலையில் கை வைத்தாய்.

ஸ்கூல் மேடையில் சார்ட்டை விரித்தபோதுதான் பார்த்தேன். எழுதியிருந்தாய். "கடைப் பேரு போடலியே, ஏன் பயப்படற? நிஜக் கேஸ்னா நிஜமா இருக்கணும்டி" என்று என் காதில் சொன்னாய். பெயர் இல்லைதான். நீ ஒட்டியிருந்த போட்டோவில், தார்க்காம்பில் நீல மையில் நட்சத்திரம் இருந்தது. ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு குறி உண்டு, மார்க்கெட்டில் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சார்ட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றேன். நமக்கு முதல் பரிசு.

சார்ட்டின் படம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் போனது. அப்பா அந்தக் குரூப்பில் இல்லை. நாலாம் நாள் அதிகாரிகள் மண்டியைப் பூட்டினார்கள். அதே வாரம் நீ டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாய். உன் அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் என்று டீச்சர் சொல்லித்தான் தெரியும். போனை எடுக்கவே இல்லை. நீ எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சொல்லாமல் போனாயே.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "காதர்தான் போட்டுக் குடுத்திருக்கான். உள்ள நடந்தது வேற யாருக்குத் தெரியும்? விடிஞ்சதும் அவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிடறேன்."

"இருபது வருஷமா இருக்கறவருங்க" என்றார் அம்மா.

"அதனாலதான் வயிறு எரியுது."

நான் தட்டோடு எழுந்துவிட்டேன். இத்தனை நாளாக உன்னை நினைத்து என் வயிறும் அப்படித்தான் எரிந்தது. காதர் மாமாவோ தினமும் வந்து பூட்டிய மண்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறாராம், எப்போது திறக்கும் என்று.

உன்னைப் பற்றிச் சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான். பஸ் ஸ்டாப்பில் பேசியது என் வாய், மேடையில் பேசாததும் அதே வாய். நீ ஊரை விட்டே போய்விட்டாய். அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்ல நான் மட்டும்தான் மிச்சம். விடிவதற்குள்—

கதவைத் தட்டுகிறார்கள். "லைட்டு எரியுதே, இன்னும் தூங்கலையாம்மா?"

அப்பாதான். சொல்லிவிடுகிறேன்.