என் தம்பி வாயில் பீடி இல்லை

என் உசுருத் தம்பி பொன்னுசாமிக்கு,

சந்தோஷத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள். உன் மகன் முருகேசன் இப்போதுதான் என் முன்னால் உட்கார்ந்து, இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். முழு உடம்போடு இருக்கிறான் தம்பி.

திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு மாரியம்மன் நோம்பிக்குக் குண்டடம் வந்தவன், காலையில் பின்கட்டு அறைக்குள் போனான். எட்டிப் பார்த்தேன். பனியன் துணியை விரித்து, நோம்பிக்கு விடுகிற வாணவெடி மருந்தைக் கொட்டி வைத்திருந்தான். பக்கத்தில் உரல், இரும்பு உலக்கை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நீ உட்கார்ந்த அதே இடம்.

"வெளிய வா கண்ணு" என்றேன்.

சிரித்தான். "பயப்படாதீங்க அத்தை. அப்பா பீடியப் பத்தவெச்சுட்டு இடிச்சாரு, போயிட்டாரு. நான் பீடியே தொடறதில்லீங்க."

கேட்டாயா? பொழுதுக்குள் முடி என்று உன்னை விரட்டி, இரும்பு உலக்கையைக் கையில் கொடுத்தவர், வாண வேலைக்கு உன்னை வைத்திருந்த கருப்பண்ண மாமா. எழவுக்கு வந்தவர்களிடம் பீடி என்று சொல்லித் தப்பித்தவரும் அவரேதான். அந்தப் பொய் உன் பிள்ளையையும் காவு கேட்டது. சின்னப் பையனிடம் எப்படிச் சொல்வது என்று நானும் இத்தனை வருஷம் விழுங்கினேனே, அது யார் தப்பு?

"உங்கப்பன் வாயில பீடி இல்ல கண்ணு. வாசப்படியில நின்னு நான் பாத்தேன். உலக்கைய ஒருதரம் இறக்குனான், அவ்வளவுதான்."

முகம் வெளுத்துவிட்டது. எதையும் தொடாமல் எழுந்து வந்தான். எல்லோரையும் ரோட்டுக்குத் துரத்தினேன். தபாலாபீஸ் போனில் தாராபுரத்துத் தீயணைப்புக்காரர்களை வரவழைத்தோம். அவர்களே மருந்தைப் பத்திரமாக எடுத்துப் போனார்கள். அதற்கு நெருப்பே வேண்டாம், ஒரு உரசல், ஒரு இடி போதும், வீட்டில் வைத்துச் செய்கிற வேலையே இல்லை என்றார் அதிகாரி.

வேடிக்கை பார்க்க மாமாவும் வந்திருந்தார். எனக்குக் காது மந்தம், இன்னொருதரம் சொல்லுங்க சாமி என்று அதிகாரியை மூன்று தரம் சொல்ல வைத்தேன். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை, உனக்குத் தெரியும். மாமா செருப்பைக்கூட மாட்டாமல் நடையைக் கட்டினார்.

சாப்பிட்டு முடித்த முருகேசன், "அப்பா சிரிச்சா எப்படியிருக்கும் அத்தை?" என்றான். இதுவரை அவன் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

நோம்பியன்று ஊர் கூடும்போது, மாமாவை எதிரில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்வேன். மைக் கொடுத்தால் மைக்கில். கொடுக்காவிட்டால் என் தொண்டை போதும். இது சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
வள்ளியாத்தாள்