பொறி பட்ட உதடு

மார்ச் 4

கீழுதட்டோரம் கொப்புளம். நேற்று ஜாயின்ட் பார்க்கும் அவசரத்தில் வெல்டிங் முகமூடியைச் சீக்கிரம் தூக்கிவிட்டேன், பொறி பட்டிருக்கும். மேஸ்திரி, "எவடா கடிச்சா?" என்று கேட்டு ஒர்க்‌ஷாப்பையே சிரிக்க வைத்தார். டிப்ளமா முடித்தவனுக்குத் தீக்காயம் தெரியாதா?

சாயங்காலம் அக்கா வீடு. பாப்பா பிறந்து மாதம்கூட ஆகவில்லை. கன்னத்தில் ஆசை தீர ஒரு முத்தம். "தாடி குத்துதுடா, விடு!" என்று பிடுங்கிக்கொண்டாள் அக்கா.

மார்ச் 6

பொறி பட்டால் ஒரு புண். இது கொத்தாக நாலைந்து. அதுவும் வருவதற்கு முன்பே அந்த இடம் குறுகுறுத்தது. தீ எங்காவது முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சுடுமா?

கம்பெனி டாக்டர் பார்த்ததும் சொன்னார்: "ஹெர்பிஸ். வைரஸ் தொற்று."

"அது தப்பான பழக்கத்துல வர்றதாச்சே! நான் அந்த மாதிரி ஆள் இல்ல டாக்டர்."

"யாருப்பா உன்னை அப்படிச் சொன்னா? இது பாதிப் பேருக்கு மேல இருக்கு. சின்ன வயசுல யாரோ குடுத்த முத்தம். நரம்புக்குள்ள படுத்துத் தூங்கும். ஜுரம், அசதி, வெயில் — எது தட்டினாலும் எழுந்து அதே வழியா வரும். வெல்டிங் வெளிச்சமும் வெயில் மாதிரிதான்."

"வேரோட பிடுங்க மருந்து?"

"கிடையாது. இந்தத் தடவையை அடக்கலாம். புண்ணு ஆறுற வரைக்கும் பச்சக் குழந்தைங்க கிட்டப் போகாதே. அதுங்களுக்கு மூளை வரைக்கும் ஏறிடும்."

படியிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "காலையிலேர்ந்து பாலே குடிக்கலடா. தூங்கிட்டே இருக்கா," என்றாள்.

மார்ச் 7

ஆஸ்பத்திரி. பாப்பாவின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். அந்த முதுகே என் உள்ளங்கை அளவு. சின்னக் கையில் குழாய் சொருகி மருந்து ஏறுகிறது.

குழந்தை டாக்டர் அக்காவிடம், "உங்களுக்கு உதட்டுல இப்படி வந்திருக்கா?" என்றார்.

"பரீட்சைக்குப் பரீட்சை வரும். சூட்டுக் கொப்புளம்னு அம்மா சொல்வாங்க. அவங்களுக்கும் வரும்."

"அப்போ உங்க ரத்தத்துலேர்ந்து குழந்தைக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி போயிருக்கும். கொஞ்சந்தான். மருந்தை நிறுத்த மாட்டோம்."

பக்கத்தில் நின்ற அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் இருவரையும் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த வாய்.

அக்கா வீட்டுக்காரர், மாமா மட்டும் என் பின்னாலேயே வெளியே வந்தார். "உன்னை நான் ஒண்ணும் சொல்லலடா. இங்க நிக்காத, அவ்வளவுதான்."

மார்ச் 8

பரிசோதனை முடிவு வரவில்லை. நானா? நான்தானா?

மார்ச் 10

அது இல்லையாம். சிறுநீரில் வேறு தொற்று. பால் குடிக்கிறாள். "இன்னும் சில வாரம் கண்ணுல வச்சுப் பாருங்க," என்றாராம் டாக்டர்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜூலை 19

விடிந்ததும் உதட்டோரம் குறுகுறுப்பு. கண்ணாடியில் ஒன்றுமில்லை. ஒன்றும் தெரியாதபோதும் பரவும் என்பது இப்போது தெரியும். இன்று அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். போன் போட்டேன்.

"அக்கா, எனக்கு மறுபடி கொப்புளம் வருது. நான் வீட்டுக்கு வரல."

"எனக்கும் வந்திருக்குடா. முகமூடி போட்டுட்டுத்தான் பால் குடுக்கறேன். நீ வா. மாமாதான் வரச் சொல்றாரு. வெல்டிங் முகமூடியை மாட்டிட்டு வந்து பயமுறுத்தாத."

போனேன். கதவோரமே உட்கார்ந்தேன். மாமா மடியிலிருந்து பாப்பா என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் எழுந்திருக்கவில்லை.