பத்து மார்க் கேள்வி

மே 3

அன்புள்ள உங்களுக்கு,

நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. கேட்டு வைக்கிறேன். முகவரியை உங்கள் தம்பியிடம் வாங்கினேன்.

அஞ்சல் வழியில் இலக்கியம் படிக்கிறேன், சிரிக்காதீர்கள். பாடத்தில் பழைய கிரேக்க நாடகம் ஒன்று. ஒரு ராஜாவை ஊரைவிட்டே துரத்திவிடுகிறார்கள். 'துரத்தியது விதியா, மனிதர்களா?' பத்து மார்க் கேள்வி. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் இதே யோசனை, மண்டை குழம்புகிறது. எனக்குத் தெரிந்து வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு எப்படி இருந்தது? மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
துரத்தியவள்

மே 9

படிப்பாளி அம்மணிக்கு,

உயிரோடு இருக்கிறேன். லேத் பட்டறையில் வேலை. என் சமையலை நானே தின்ன வேண்டியிருக்கிறது, அதுதான் தண்டனை.

அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ வந்து கூப்பிடுவாய் என்று இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறிவிட்டேன். வேலை போனதைச் சொல்லாமல், நீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டை நாலு மாதம் பூங்காவில் உட்கார்ந்து தின்றேனே, அது விதியா? "எங்கேயாவது போய்த் தொலைங்க"ன்னு நீ கத்தினது விதியா? எனக்கும் பிடிபடவில்லை.

புத்தகக் கடையில் கதையைச் சொல்லிக் கேட்டு அந்த நாடகத்தை வாங்கிப் படித்தேன், பாதி புரியவில்லை. துரத்தின ஊரே பிறகு ராஜாவைக் கூப்பிடுகிறது. பாசத்தால் இல்லை, அவரால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. நீ எதற்கு எழுதினாய்? தேர்வு முடிந்ததும் நான் யாரோதானா?

நான்தான்

மே 14

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் தெருமுனை திரும்பும்வரை நான் ஜன்னலில்தான் நின்றேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் கூப்பிடலாம் என்றிருந்தேன். நீங்கள் பார்க்கவில்லை. அப்படியென்றால் நான் துரத்தினேனா, நீங்களாகப் போனீர்களா? இரண்டு வருடமாக இதே குழப்பம்.

மறைத்தீர்கள் என்று உங்களை அத்தனை பேச்சுப் பேசினேன். இப்போது நானும் மறைத்துவிட்டேன். தேர்வு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னவோ கிறுக்கிவைத்தேன். உங்களுக்கு எழுத வேறு சாக்கு கிடைக்கவில்லை.

கோபம் இன்னும் தீரவில்லை. நீங்கள் இல்லாத வீடும் பிடிக்கவில்லை. இதில் எது பெரிது என்று எனக்கே தெரியவில்லை. வாங்க என்று எழுத இன்னும் கை வரவில்லை. ஆனால் நீங்கள் வந்து நின்றால் போங்க என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் மனைவி