தப்பாகப் போட்ட டிக்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் எங்கள் சுபாவத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா? யோசிக்காமல் தனிமைக்கு டிக் அடித்தேன். "என் புள்ள வாயில்லாப் பூச்சி, தன்பாட்டுக்கு ஒரு மூலையில கெடப்பான்" என்று ஊரெல்லாம் நீ சொன்னதுதானே. உடனே மேலாளர், "உனக்கேத்த எடம்பா இது" என்று எனக்குத் தனியறை கொடுத்துவிட்டார். கதவைச் சாத்தினால் ஏசி ஓடுவது மட்டும்தான் கேட்கும். "கொடுத்துவச்சவன்டா நீ" என்கிறான் பழைய பக்கத்து சீட்டுக்காரன்.

அங்கே உட்கார்ந்த பிறகுதான் தப்பாக டிக் அடித்தது தெரிந்தது. நம் வீட்டில் நான் மூலையில் பேசாமல் படித்துக்கொண்டிருப்பேன். நீ சமையலறையில் குக்கரோடும் அப்பாவோடும் மாறி மாறிச் சண்டை போடுவாய். எனக்குப் பிடித்தது அதுதான். தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

கவலைப்படாதே, பழைய சீட்டையே திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு சின்ன உதவி. நான் போனில் பேசாமல் இருந்தால், "வேலையா இருப்ப, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். வைக்காதே. போனை உப்பு டப்பாமேல் சாய்த்துவிட்டு உன் வேலையைப் பார். என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. அப்பாவைத் திட்டும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகத் திட்டு.

உன்
வாயில்லாப் பூச்சி