கழுத்தைத் திருப்பாதே

ஜனவரி 9

என் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதே இல்லையே.

ஃபோனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். என் செல்போனுக்கு யார் பேசினாலும் அவர் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். "நமக்குள்ள என்ன ரகசியம்" என்பார், சிரித்துக்கொண்டே. அவருடைய பல் கிளினிக்குக்கு வரும் தபாலைப் பிரிப்பது நான்தான். அதனால் பதிலை அந்த முகவரிக்கே போடு.

கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் ஒரு டிவி உண்டு, சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். போன வாரம் அதில் ஒரு அம்மாள் சர்வாங்காசனம் செய்தாள். என்னைவிட வயது கூடத்தான் இருக்கும். தோளில் நின்று, காலை மேலே நீட்டி, அப்படியே இருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவ்வளவு நேரம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை அக்கா. எனக்கு அதுதான் பிடித்தது. நாள் பூராவும் குனிந்தபடி பல் பிடுங்கும் கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, துடைத்து வைக்கிறேன். நடுவில் ரசீது எழுதுகிறேன். நிமிரும் முன்னே யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ஊரில் உள்ள நோயாளிக்கெல்லாம் யோகா சொல்லிக்கொடுக்கிறாய். எனக்கும் சொல்லிக்கொடு. வயது நாற்பத்தி மூன்று, அவர் எனக்கு வைத்த பெயர் மூட்டை. முடியுமா?

உன் குட்டி

ஜனவரி 17

குட்டிம்மா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். மூட்டை என்று எழுதியிருந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடியும். ஆனால் நான் சொல்கிற வரிசையில்தான் செய்ய வேண்டும். முதலில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். கண் டாக்டரிடம் போய்க் கண்ணுக்குள் அழுத்தம் இருக்கிறதா என்று கேள். இரண்டில் எது இருந்தாலும் இந்த ஆசனம் உனக்கு இல்லை. மாதவிலக்கு நாளில் வேண்டாம். சாப்பிட்ட வயிற்றோடு எந்த நாளும் வேண்டாம்.

எடுத்த எடுப்பில் காலைத் தூக்காதே. சுவர் ஓரமாகப் படுத்து, காலைச் சுவர்மேல் நீட்டி வைத்துக்கொண்டு கிட. ஒரு சில வாரம் அவ்வளவுதான். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். பிறகு அங்கிருந்தே பாதத்தைச் சுவரில் ஊன்றி இடுப்பைத் தூக்கு. முதுகைக் கையால் தாங்கிக்கொள். அது பழகிய பிறகு ஒரு கால், அப்புறம் மறு கால்.

இனி முக்கியமானது. கனமான போர்வைகளை நான்காக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. தோள் போர்வைமேல், தலை வெளியே தரையில். அப்போதுதான் கழுத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பாரம் தோளிலும் மேல்கையிலும் நிற்க வேண்டும். கழுத்தில் ஒரு குந்துமணி கனம்கூட இறங்கக் கூடாது. தொண்டை இறுகினாலோ, கண் பிதுங்குவதுபோல இருந்தாலோ, விரல் மரத்தாலோ இறங்கிவிடு. ‘இன்னும் கொஞ்சம்’ என்று பல்லைக் கடிக்காதே. மேலே இருக்கும்போது கழுத்தைத் திருப்பாதே. யார் கூப்பிட்டாலும், வீடே தீப்பற்றினாலும், முதலில் இறங்கு, பிறகு திரும்பிப் பார். இறங்கும்போதும் பொத்தென்று விழாமல், முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தரையைத் தொடுகிற மாதிரி வா.

அழகாக வரவேண்டிய அவசியமே இல்லை. கால் கொக்கி மாதிரி மடங்கி இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

உன் அக்கா

பிப்ரவரி 22

அக்கா,

நின்றுவிட்டேன்!

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. கண் டாக்டரும் சரி என்றுவிட்டார். நீ சொன்னபடி சுவரோடு சுவராகக் கிடந்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் கிடந்தேன். நேற்று மதியம் கிளினிக் மூடியிருந்த நேரத்தில், சாமான் அறையில் போர்வையை விரித்து, ஒரு காலைச் சுவரிலிருந்து எடுத்தேன். பிறகு மற்றதையும். என் கால் விரல்கள் மேலே, ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில், வேறு யாருடையதோ போல இருந்தன. கழுத்தில் கனமே இல்லை அக்கா. சிரிப்பு வந்தது, சிரித்தால் ஆடுகிறது, அதனால் அடக்கிக்கொண்டேன்.

இன்று அவர் பார்த்துவிட்டார். கதவைத் திறந்தவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் திரும்பவில்லை, நீ சொல்லியிருக்கிறாயே. "மூட்டையைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு" என்றார். நான் மெதுவாக இறங்கி எழுந்தபோது போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் வந்த ஒவ்வொரு நோயாளியிடமும் அதைச் சொன்னார். நான் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் சிரிக்க முடியாது இல்லையா, கண்ணால் சிரிக்கிறார்கள். போகட்டும். அவர் அப்படித்தான், விளையாட்டுக்குச் சொல்வார்.

நாளைக்கும் செய்வேன்.

குட்டி

மார்ச் 1

குட்டிம்மா,

நின்றுவிட்டாய் என்று படித்ததும் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முட்டி வலிக்காரர்கள், முதுகு வலிக்காரர்கள் எல்லாரும் உனக்காகக் கை தட்டினார்கள்.

விளையாட்டுக்குச் சொல்வார் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளையைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. யோகா டீச்சராக மட்டும் ஒன்று சொல்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செய். யாருக்காகவும் செய்து காட்டாதே. நீ மேலே இருக்கும்போது உன் காலை யாரும் தொடக் கூடாது, நல்ல எண்ணத்தோடு நிமிர்த்திவிட வந்தாலும். புதிதாகச் செய்கிறவளின் காலைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் கழுத்தில் போய் இறங்கும். என் வகுப்பில் நானே தொட மாட்டேன்.

உன்னிடம் வேறு ஏதாவது எழுதவேண்டியது இருந்தால் அதையும் எழுது. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

நின்றுகொண்டே எழுதுகிறேன், அலமாரிமேல் தாளை வைத்து. குனிய முடியவில்லை. கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள்.

சாமான் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கேட்டேன், "கிளினிக்குக்குள்ள உனக்கு எதுக்குத் தாழ்ப்பாள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. அவருடைய கூட்டாளி டாக்டர்கள், அவர்கள் மனைவிமார்கள். சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். "எங்க வீட்டுல ஒரு சர்க்கஸ் இருக்கு, பாக்குறீங்களா?" என்றார். எனக்கு உடனே புரிந்தது. இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன். கால் வலி என்றேன். விருந்தாளிகள் ஆசைப்படுகிறார்கள் என்றார். ஒரு அம்மாள், பாவம், விட்டுவிடுங்களேன் என்று சொன்னாள். அவர் காதில் அது விழவே இல்லை. மேசையை நகர்த்தி நடு ஹாலில் இடம் செய்தார். போர்வை எடுத்து வருகிறேன் என்றதற்கு, "மெத்தைல படுத்துக்கிட்டுப் பண்றதுக்குப் பேரு யோகாவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்காதே. செய்யாமல் இருந்தால் அவர்கள் போன பிறகு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

வெறும் தரையில் ஏறினேன். சுவர் இல்லாமல் ஏறிவிட்டேன் அக்கா. அது வந்தது, கோணலாக வந்தது. "பாரு, மூட்டை வளைஞ்சிருக்கு, நிமித்துறேன்" என்று சொல்லி வந்தார். என் கணுக்கால் இரண்டையும் பிடித்தார். தாடை நெஞ்சில் அழுந்தியிருந்ததால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மேலே இழுத்து, அப்படியே என் தலைப் பக்கம் தள்ளினார். கழுத்துக்குள் ஈரக் குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கையை எடுத்துவிட்டார். நான் விழுந்தேன்.

பிறகு யாரோ கை தட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் எலும்பு டாக்டர். "எதுக்கும் நாளைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு கார் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் எழுந்து போய்க் காபி போட்டேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே எல்லாருக்கும் கொடுத்தேன்.

இடது கையில் இரண்டு விரல் மரத்துக் கிடக்கிறது.

வரும் சனிக்கிழமை அவர் பல் டாக்டர்கள் மாநாட்டுக்குப் போகிறார். காலையில் வா. என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

குட்டி

மார்ச் 23

குட்டி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆட்டோவைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு வந்தேன். கதவைத் திறந்தது அவர். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் மாநாட்டுக்குப் போகல" என்றார். என் பையை வாங்கி வைத்தார். நாற்காலி போட்டார். மேசைமேல் நான் உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் இருந்தன, சனிக்கிழமை வருகிறேன் என்று கடைசியாகப் போட்டதும். ஒன்றை எடுத்து, என் எழுத்தை எனக்கே படித்துக் காட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா எழுதினாப் போதுமா? பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி மட்டும் நியாயமான கேள்வி.

பிறகு உன்னைக் கூப்பிட்டார். கழுத்தில் பட்டையோடு நீ வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாய். "எப்படி ஆச்சுன்னு நீயே சொல்லும்மா" என்றார்.

நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "தனியாத்தான் செஞ்சேன். அக்கா எழுதினபடிதான் செஞ்சேன். அதான் இப்படி ஆயிடுச்சு."

உன் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து அவர் முன்னால் போட்டிருக்கலாம். போட்டுவிட்டு நான் ஆட்டோவில் ஏறிப் போயிருப்பேன், நீ அங்கே இருந்திருப்பாய். அதனால் எடுக்கவில்லை. என்னோடு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன். நீ காபி போடப் போய்விட்டாய்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். வழி முழுவதும் உன்னை மனதுக்குள் அறைந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதேன். என் பக்கத்து அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா, சொல்லாமலே வா.

அக்கா

ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் என் கணவரோடு நல்லபடியாக இருக்கிறேன். தாங்கள் எங்கள் குடும்பத்தில் தலையிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முறையான பரிசோதனை இல்லாமல் கடிதம் மூலம் ஆசனம் கற்றுக்கொடுத்ததால் என் கழுத்து எலும்பு பாதிக்கப்பட்டுள்ளது. இது குறித்துத் தாங்கள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் புகார் கொடுக்க எங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் என் கணவர் பெரிய மனது உள்ளவர். நடந்ததற்குத் தாங்களே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, கைப்பட ஒரு கடிதம் கொடுத்தால் இதை இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்கிறார்.

நான் தங்களுக்கு முன்பு எழுதிய கடிதங்களையும் திருப்பி அனுப்பிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை

ஏப்ரல் 8

குட்டிம்மா,

கிளினிக் தாளில் டைப் அடித்து வந்ததைப் படித்தேன். அதில் உன் சொல் எது என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். எழுதிக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்றுகூட நினைத்தேன். எனக்கு வேலை மிஞ்சும், உனக்கு வீட்டில் தொந்தரவு குறையும். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அப்படி எழுதிவிட்டால், அன்று அந்த ஹாலில் என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். பார்த்த டாக்டர்கள் சொல்லப் போவதில்லை. நீயும் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறாய். நானும் இல்லை என்று ஆகிவிட்டால், நாளடைவில் உனக்கே அது சந்தேகமாகிவிடும். அதனால் எழுத மாட்டேன். உன் கடிதங்களையும் தர மாட்டேன். நீ தவறாக ஒன்றும் செய்யவில்லை. உன் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் புகார் போகட்டும். வேலை போனால் போகிறது.

விரல் மரப்பு குறையாவிட்டால் அந்த விருந்துக்கு வந்த எலும்பு டாக்டரிடம் போகாதே, வேறு யாரிடமாவது போ. கனம் தூக்காதே. மாப்பிள்ளை, இதை முதலில் பிரிப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். படித்துவிட்டு அவளிடம் கொடுங்கள். உங்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றுதான்.

உன் அக்கா

ஏப்ரல் 17

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்ததாக அவர் சொன்னார். எனக்கு இப்போது குனிந்து படிக்க முடிவதில்லை என்பதால் அவரே படித்து விவரம் சொன்னார். தவறு தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

தாங்கள் அப்படி எழுத மாட்டீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பரவாயில்லை. மன்னித்துவிட்டேன். இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கை