ஒப்புக்கொள்கிறேன்

கவுண்டி சிறை,
12 டிசம்பர் 2023

அன்புள்ள ஷாமளா அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னை இந்த நாட்டுக்கு வேலைக்கு அனுப்பிய சிங்கப்பூர் கம்பெனி உனக்குப் போன் செய்து 'ஒரு சிக்கல்' என்று மட்டும் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மிச்சத்தை நான் சொல்கிறேன். இங்கே போன் பேச்சைப் பதிவு செய்கிறார்கள், அதில் வழக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்கிறார் லோயர். கடிதத்தையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் தமிழ் படிக்க இந்த ஊரில் ஆள் எங்கே?

பிஸ்கட் தொழிற்சாலையில் மெஷின் பூட்டும் வேலை முடிகிற வாரம் அது. சாயங்காலம் சாப்பாடு வாங்க ஹோட்டலிலிருந்து நடந்து போனேன். இங்கே யாரும் நடப்பதில்லை, அதுவே சந்தேகத்துக்குப் போதும்போல. போலீஸ் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சற்று முன்புதான் அந்தத் தெருவில் ஒரு மளிகைக் கடையில் கொள்ளை நடந்திருக்கிறது. கடைக்காரப் பெரியவரைத் தலையில் அடித்துவிட்டு ஓடியிருக்கிறான் ஒருவன். கறுத்த ஆள், நீலச் சட்டை. நான் கம்பெனியின் நீலச் சட்டையில் இருந்தேன். கையில் விலங்கு மாட்டி, காருக்குப் பக்கத்தில் நிறுத்தி, முகத்தில் விளக்கடித்தார்கள். அந்தப் பெரியவரை இன்னொரு காரில் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் இறங்கக்கூட இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து உள்ளே இருக்கிறேன்.

ஜாமீன் உண்டு என்று நீதிபதி ஒரு தொகை சொன்னார். நம்மால் கனவிலும் முடியாது. கட்டினாலும், வெளிநாட்டாரைக் கவனிக்கும் குடிநுழைவுத் துறை ஆட்கள் வாசலிலேயே பிடித்து வேறு இடத்தில் அடைப்பார்களாம். லோயர் அரசாங்கம் கொடுத்தவர். நல்ல பெண்மணி, ஆனால் கை நிறைய ஃபைல். முதல் நாள் என்னை வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மாவிடம் வேலை நீண்டுவிட்டது என்று சொல்.

உன் தம்பி,
திருச்செல்வம்


குளுவாங்,
20 ஜனவரி 2024

அன்புத் தம்பி செல்வத்துக்கு,

பொங்கல் முடிந்த கையோடு உன் கடிதம் வந்தது. கோர்ட்டு கார்ப் பார்க்கில் உட்கார்ந்து படித்தேன். உடனே உள்ளே போய் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

அங்கே இருக்கும் நம் தூதரகத்தில் பேசினேன். உன்னை வந்து பார்ப்பார்களாம், வழக்கில் தலையிட முடியாதாம். உன் லோயருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கே பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை, இரண்டு பக்கமும் பேசி முடித்துவிடுவார்கள் என்று பதில் எழுதியிருந்தார். எனக்கு அது புதிதாகப் படவில்லை. இத்தனை வருஷமாக நான் கூண்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் அதைத்தானே. ஒப்புக்கொள்கிறவன் தண்டனையை வாங்கிக்கொண்டு போகிறான். விசாரணை வேண்டும் என்கிறவன் தேதி மேல் தேதி வாங்கிக்கொண்டு அலைகிறான்.

அப்படிப் பேசி முடிக்க ஒரு வழி வந்தால் பிடித்துக்கொள், செல்வம். வீம்பு வேண்டாம். அங்கே நீ என்ன ஒப்புக்கொண்டாய் என்று இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியாகிவிட்டது. படுத்தபடியே "அவன் இன்னும் மெஷின் பூட்டி முடிக்கலையா?" என்று கேட்கிறார். என்ன சொல்வது என்று நீயே சொல். குளிருக்கு நல்ல போர்வை கொடுத்திருக்கிறார்களா?

அக்கா,
ஷாமளா


கவுண்டி சிறை,
4 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நகலெடுத்து அந்த நகலைத்தான் கொடுத்தார்கள். உன் கையெழுத்து கறுப்பு வெள்ளையாக வந்தது. பரவாயில்லை.

நீ சொன்ன வழி வந்துவிட்டது. கொள்ளையைக் கைவிடுகிறோம், அடித்ததை மட்டும் ஒப்புக்கொள் என்கிறார் அரசுத் தரப்பு வக்கீல். உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கணக்கு வைத்து நாடு கடத்திவிடுவார்களாம். மாட்டேன் என்றால் எல்லாக் குற்றச்சாட்டும் அப்படியே நிற்கும். தோற்றால் தலை நரைத்த பிறகுதான் குளுவாங்கைப் பார்ப்பேன். ஒரே ஆள், ஒரே சம்பவம். வாயைத் திறந்து வழக்காடினால் தண்டனை இத்தனை மடங்கு என்பது என்ன கணக்கு?

நான் கிளம்பிய நேரம் ஹோட்டல் கேமராவில் இருந்திருக்கும். லோயர் அதைக் கேட்டுப் போனபோது பழைய பதிவெல்லாம் அழிந்துவிட்டதாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நேரம் இல்லை.

பக்கத்துப் படுக்கையில் ஒரு கறுப்பின ஆள் இருந்தார், இந்த ஊர்க்காரர். புல் வெட்டும் மெஷினைத் திருடியதாக வழக்கு. ஜாமீன் கட்ட முடியாமல் கிடந்ததில் வேலை போனது, வீடும் போனது. போன வாரம் ஒப்புக்கொண்டு வெளியே போய்விட்டார். போகும்போது "நான் எடுக்கலை, ஆனா களைச்சுப் போச்சு" என்றார். குடித்துவிட்டு காரால் ஒருவரை இடித்த பையனும் இங்கே வந்தான். அவன் அப்பா பணத்தோடு வந்தார், மறுநாள் அவன் இல்லை.

சண்டைக்காகக் கேட்கவில்லை, அக்கா. உன் கோர்ட்டில் ஒப்புக்கொண்டவர்களில் செய்யாதவர் யார் யார் என்று உனக்குத் தெரியுமா? நீ தமிழில் கேட்டு மலாயில் சொன்னவர்கள் அவர்கள்.

நான் விசாரணைக்குக் காத்திருக்கப் போகிறேன். அம்மாவை எப்படியாவது சமாளித்துக்கொள்.

செல்வம்


குளுவாங்,
22 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது. சிறையில் இருந்துகொண்டு என் வேலையைக் குறை சொல்கிறான் பார் என்று நினைத்தேன். பதில் போடாமல் வைத்திருந்தேன்.

போன வாரம் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காளியப்பன் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை திருடியதாக வழக்கு. லோயர் இல்லை. குற்றச்சாட்டைத் தமிழில் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் என் பக்கம் குனிந்து, "நான் எடுக்கலம்மா. ஆனா எடுத்தேன்னே சொல்லிருங்க. பொண்ணு வீட்டுல தனியா இருக்கா, இன்னிக்கே முடிஞ்சாப் போதும்" என்றார்.

இப்படி இழுத்துப் பேசுகிறவர்களிடம், "உண்டா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே" என்பதுதான் வழக்கம். அன்றைக்கு அப்படிக் கேட்க வாய் வரவில்லை. அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன், மகள் தனியாக இருப்பது வரைக்கும். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இது ஒப்புதல் ஆகாது" என்று சொல்லி, மறுத்ததாகப் பதிந்து, விசாரணைக்குத் தேதி போட்டு, ஜாமீன் கொடுத்தார்.

ஜாமீனுக்கு மைத்துனர் வந்துசேர மறுநாள் ஆகிவிட்டது. காளியப்பன் வெளியே என்னைப் பார்த்து, "ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நேத்தே போயிருப்பேன்லா" என்றார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. முகம் சுருங்கிப் போனது. அவர் எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இனி அதை யாராவது விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். அது மட்டும் நல்லது என்று தோன்றுகிறது.

உன் கேள்விக்குப் பதில், தெரியாது என்பதுதான்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அங்க சோறு போடுறாங்களா?" என்று கேட்டார். எனக்காகவோ அம்மாவுக்காகவோ கையெழுத்துப் போடாதே, செல்வம். எவ்வளவு நாளானாலும் நாங்கள் காத்திருக்கிறோம்.

அக்கா


குடிநுழைவுத் தடுப்பு முகாம்,
3 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் சிறைக்குப் போய், அங்கிருந்து இங்கே திருப்பிவிடப்பட்டு, நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் பழைய கடிதத்தால்தான் போட்டேன் என்று நினைக்காதே. விசாரணைத் தேதி மறுபடி தள்ளிப்போய் அடுத்த வருஷத்துக்கு நின்றது. லோயர் சொன்னபோது, பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன களைப்பு என்னவென்று எனக்கும் புரிந்தது.

நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்டார். யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை என்றேன். குற்றம் செய்ததால்தான் ஒப்புக்கொள்கிறாயா, வேறு காரணம் இல்லையே? இல்லை என்றேன். நீ சொல்லும் அந்த ஒரே வார்த்தை பதில்கள்தான். உன் காளியப்பன் சொன்னதுபோல நான் சொல்லியிருந்தால் பேரம் முறிந்திருக்கும்.

அந்தக் கடைக்காரப் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. நான் 'ஒப்புக்கொள்கிறேன்' என்றதும் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அடித்தவனைப் பிடித்துவிட்டார்கள் என்று அவர் நிம்மதியாகக் கடையைத் திறப்பார். அடித்தவன் அந்தத் தெருவிலேயே எங்கோ இருக்கிறான். அவருக்கும் ஒரு நியாயமும் கிடைக்கவில்லை, அக்கா. அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி இந்த நாட்டுக்குள் வர முடியாது. சிங்கப்பூர் வேலைக்கு மனுப் போட்டாலும் இந்தப் பதிவு பின்னாலேயே வரும். குளுவாங்கில் ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சோறு போடுகிறார்கள், ரசம்தான் இல்லை என்று சொல்.

அடுத்த வாரம் கோலாலம்பூருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். நேரம் தெரிந்ததும் தூதரகம் உனக்குச் சொல்லும். நீ தனியாக வா.

வந்ததும் எனக்கு ஒன்று செய். போலீஸ், லோயர், நீதிபதி, எல்லாரும் ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்றுதான் கேட்டார்கள். லோயர், உண்மையை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். நீயும் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாய், எனக்குத் தெரியும். இருந்தாலும் அம்மாவைப் பார்க்கப் போகும் முன்னால், விமான நிலையத்திலேயே நிறுத்தி, 'நீ அடிச்சியாடா?' என்று ஒரு தடவை கேள். நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
செல்வம்